எபிசோட் 63: பாஸம் தோலை முதல்முறையா பதப்படுத்துறது எப்படி?

(பாட்காஸ்டின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை எடுத்துட்டு, அளவுகளை மட்டும் சரிபார்த்துச் சேர்த்திருக்கேன். மத்தபடி பேசினது அப்படியே இருக்கு.)

[00:00] எதுக்கு இந்த எபிசோட்?

போன எபிசோட்ல நியூசிலாந்துல வீட்டுப் பின்பக்கத்துல வைக்கிற பொறிகளைப் பத்திப் பேசினேன். அதுக்கு வந்த மெயில்ல நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க: "செத்த பாஸத்தை என்ன பண்றீங்க?"

பெரும்பாலானவங்க குழி தோண்டிப் புதைச்சிடுறாங்க. ஆனா ஒரு தடவை அந்த முடியைத் தொட்டுப் பார்த்தீங்கன்னா புதைக்க மனசு வராது. அவ்ளோ மெத்துன்னு இருக்கும். இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு, இதுவரை நாலு தோல் பதப்படுத்தியிருக்கேன். அதனால இன்னிக்குக் கோடிங் இல்லை, தோல் கதைதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இதைக் கேட்டுட்டு இந்தியாவுல யாரும் முயற்சி பண்ணாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்க காட்டு விலங்கை வேட்டையாடுறது மட்டும் குற்றமில்லை, அனுமதி இல்லாம அதோட தோலை வீட்டுல வெச்சிருக்கிறதும் குற்றம்தான். "நான் கொல்லலை, ரோட்டுல செத்துக் கிடந்துச்சு"ன்னு சொன்னாலும் எடுபடாது. நான் பேசப் போறது நியூசிலாந்து பாஸத்தைப் பத்தி மட்டும்.

[01:40] பாஸம் இங்க எப்படி வந்துச்சு?

பாஸம்ங்கிறது பூனை அளவுல, மரத்துல வாழ்ற, இரவுல நடமாடுற ஒரு பிராணி. கங்காரு மாதிரி வயித்துல பை உள்ள இனம். இதோட சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1837-ல முதல்முறையா நியூசிலாந்துக்குக் கப்பல்ல கொண்டுவந்தாங்க. அது பிழைக்கலை. 1858-ல கொண்டுவந்தது நிலைச்சிடுச்சு. எதுக்குக் கொண்டுவந்தாங்கன்னா, இந்தத் தோலுக்காகத்தான். ஃபர் வியாபாரம் தொடங்கணும்னு திட்டம்.

ஆஸ்திரேலியாவுல பாஸத்தை அடக்கி வைக்க நரி, டிங்கோ நாய், காட்டுத்தீ எல்லாம் உண்டு. இலைகளும் அதுக்குச் சுலபமா செரிக்காது. நியூசிலாந்துல இது எதுவும் தடையா இல்லை. பெருகிப் பெருகி ராட்டா, காமஹி மாதிரி உள்ளூர் மரங்களோட உச்சியை மொட்டையடிச்சிடுச்சு. இலை மட்டும்தான் தின்னும்னு ரொம்ப காலம் நினைச்சுட்டு இருந்தாங்க. 1990-கள்ல கூட்டுக்குப் பக்கத்துல கேமரா வெச்சுப் பார்த்தப்போ, கோகாக்கோன்னு ஒரு அபூர்வப் பறவையோட முட்டையையும் குஞ்சையும் தின்கிறது பதிவாச்சு. மாட்டுக்குக் காசநோயைப் பரப்புறதுலயும் இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. 2050-க்குள்ள எலி, மரநாய் இனங்கள், பாஸம் எல்லாத்தையும் நாட்டை விட்டே ஒழிக்கணும்னு அரசாங்கம் இலக்கு வெச்சிருக்கு.

அதாவது தோலுக்காகக் கூட்டிவந்த பிராணியை இன்னிக்குக் கொல்றாங்க, தோலோடவே புதைக்கிறாங்க. பாஸம் தானா கப்பல் ஏறி வரலை. கொல்றது அவசியமா இருக்கலாம். ஆனா கொன்னதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறதை வீணாக்காம இருக்கலாமே. அந்த அளவுக்குத்தான் என் வாதம்.

[03:50] கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி

நாலு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, எப்படிச் செத்துச்சுன்னு தெரியணும். இங்க பாஸத்துக்கு 1080, சயனைடுன்னு பல விஷம் வைக்கிறாங்க. நீங்க வெச்ச பொறியில செத்ததுன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் தொடுங்க. பாதையோரம் கிடந்ததை எடுக்காதீங்க.

ரெண்டு, பொறி விஷயத்துல சட்டம் இருக்கு. உயிரோட பிடிக்கிற பொறின்னா தினமும் சூரியன் உதிச்சு 12 மணி நேரத்துக்குள்ள போய்ப் பார்த்தே ஆகணும். அரசுப் பாதுகாப்பு நிலத்துல பாஸம் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கணும்.

மூணு, பெண் பாஸமா இருந்தா வயித்துப் பையைத் திறந்து பாருங்க. உள்ள குட்டி உயிரோட இருக்கலாம். தாய் செத்த பிறகு அதை அப்படியே விடுறது கொடுமை. அனுபவம் உள்ளவங்களைக் கூப்பிட்டு உடனே வலியில்லாம முடிச்சு வைக்கணும். கேட்கவே கஷ்டமா இருக்குல்ல? இதைப் பார்க்க முடியாதுன்னா பொறி வைக்கிற வேலையே நமக்கு வேண்டாம்.

நாலு, கையுறை. அக்குள்லயோ தொடை இடுக்குலயோ சீழ் கட்டின உருண்டை தெரிஞ்சா அது காசநோய்க் கட்டியா இருக்கலாம். அங்கேயே நிறுத்திட்டுப் புதைச்சிடுங்க. எந்தத் தோலும் அந்த ரிஸ்க்குக்கு ஈடாகாது.

[05:30] தோல்ங்கிறது என்ன?

இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும். தோல்ல மேல ஒரு மெல்லிய அடுக்கு, கீழே கொழுப்பும் சவ்வும் உள்ள ஒரு அடுக்கு. நமக்கு வேண்டியது நடுவுல இருக்கிற அடுக்கு. அது முழுக்கக் கொலாஜன் இழைகள், நூல் பின்னின மாதிரி. இழைகளுக்கு இடையில தண்ணி. பச்சைத்தோல் எடையில பாதிக்கு மேல தண்ணிதான்.

அந்தத் தண்ணி அப்படியே இருந்தா பாக்டீரியா வந்து அழுகிடும். தண்ணியைச் சும்மா காயவிட்டா இழைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பலகை மாதிரி ஆயிடும். நம்ம பறையை நினைச்சுக்கோங்க. அதுல இருக்கிறது பதனிடாத, சும்மா காயவெச்ச தோல். அதனாலதான் ஈரக்காத்துல தொய்ஞ்சு போகும். தீயில காட்டினா மறுபடி முறுக்கேறும். பறைக்கு அந்தக் குணம்தான் வேணும். போர்வைக்கு அது ஆகாது.

பதனிடுறதுன்னா அழுகலும் கூடாது, ஒட்டிக்கவும் கூடாது. தண்ணி இருந்த இடத்துல வேற ஒரு பொருள் போய் உட்காரணும், இழைகளைத் தனித்தனியாப் பிடிச்சு வைக்கணும். இனிமே வர்ற ஒவ்வொரு வேலையும் இதுக்காகத்தான்.

[07:00] உரிக்கிறது

செத்த உடனே கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். பாக்டீரியா முதல்ல கை வைக்கிறது முடியோட வேர்ல. மேல பார்த்தா தோல் நல்லாத்தான் இருக்கும். பத்து நாள் கழிச்சு, எல்லாம் முடியுற நேரத்துல, கொத்துக் கொத்தா முடி கையோட வரும். அதுக்கு மருந்தே கிடையாது. அது பதப்படுத்துற மருந்தோட கோளாறுன்னு புதுசா பண்றவங்க நினைப்பாங்க. உண்மையில அது முதல் நாள்ல ஆன சேதம்.

பாஸத்துல இன்னொரு விசேஷம் உண்டு. உடம்பு சூடா இருக்கும்போது முடி சுலபமாப் பிடுங்க வரும். நூல் மில்லுக்கு முடி விக்கிறவங்க அதனாலதான் சூடு ஆறுறதுக்குள்ள பிடுங்கிடுவாங்க. நமக்கு முடி தோல்லயே இருக்கணும். அதனால சூடா இருக்கும்போது முடியைப் பிடிச்சு இழுக்காம, நிழல்ல காத்தாடத் தொங்கவிட்டு, ஆறினதும் அன்னிக்கே உரிச்சிடுங்க.

தாடைக்குக் கீழே தொடங்கி வயித்து நடுவுல நேரா ஒரு கோடு. நாலு காலோட உள்பக்கத்துல இருந்து அந்தக் கோட்டுக்கு நாலு கோடு. கத்தி முனை எப்பவும் உள்ளிருந்து மேல் நோக்கி இருக்கணும். அப்போதான் முடி வெட்டுப்படாது, குடலும் கிழியாது. ஆசனவாய்ப் பக்கம் நாத்தச் சுரப்பிகள் இருக்கு. அந்த இடத்தைச் சுத்தி ஒதுக்கி வெட்டுங்க.

கோடு போட்டதோட கத்திக்கு வேலை பாதி முடிஞ்சுது. மிச்சம் கைதான். தோலுக்கும் சதைக்கும் நடுவுல விரல் முட்டியை விட்டு அழுத்தித் தள்ளினா, ஈரச் சட்டையைக் கழட்டுற மாதிரி வந்துடும். வராத இடத்துல மட்டும் கத்தி. கத்தியை எவ்ளோ குறைவா பயன்படுத்துறோமோ, ஓட்டையும் அவ்ளோ குறையும். வாலோட எலும்பை உருவுறது தனிக் கலை. முதல் தோலுக்கு வாலை வெட்டி விட்டுடலாம்.

அன்னிக்கே மேல்கொண்டு வேலை பார்க்க நேரமில்லையா? முடி வெளியில, தோல் உள்ள இருக்கிற மாதிரி மடிச்சு, பையில போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. வேலைக்குப் போறவங்களுக்கு இதுதான் நல்ல வழி. வீட்டுல இருக்கிறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, ஐஸ்க்ரீம் எடுக்கப் போய் அலறப் போறாங்க.

[09:40] சீவுறதும் உப்பும்

தோலோட உள்பக்கத்துல ஒட்டியிருக்கிற சதை, கொழுப்பு, சவ்வு எல்லாத்தையும் சீவணும். வழவழப்பான உருண்டை மரக்கட்டை ஒண்ணு, மழுங்கின கத்தி ஒண்ணு போதும். கூரான கத்தி வேண்டாம். இங்க வெட்டுற வேலை இல்லை, வழிக்கிற வேலை. ஒரு மணி நேரம் ஆகும். இடுப்பு வலிக்கும், சலிப்பா இருக்கும். ஆனா கொழுப்பு இருக்கிற இடத்துல உப்பு இறங்காது, பின்னாடி மருந்தும் இறங்காது. அந்த இடம் மட்டும் மஞ்சளாகி, சிக்குப் பிடிச்சு நாறும்.

அடுத்தது உப்பு. அயோடின் இல்லாத தூள் உப்பு. கணக்கு ரொம்ப எளிது: தோல் எவ்ளோ எடையோ அவ்ளோ உப்பு. ஒரு பாஸத்துக்கு அரைக் கிலோ இருந்தா தாராளம். உள்பக்கத்தை மேல வெச்சு விரிச்சு, காது மடிப்பு, கால் ஓரம், எந்த இடத்தையும் விடாம தேய்க்கணும். கொஞ்சம் சாய்வா வையுங்க, தண்ணி கசிஞ்சு ஓடும். மறுநாள் அந்த ஈர உப்பை உதறிட்டுப் புது உப்பு. பழைய உப்பைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அதுல ஏற்கெனவே பாக்டீரியா இருக்கும்.

மீனைக் கருவாடாக்குற அதே தத்துவம்தான் இது. ஒரே ஒரு வித்தியாசம்: கருவாட்டுக்கு உப்போட வேலை முடிஞ்சது. தோலுக்கு உப்பு வெறும் பாஸ் பட்டன். அழுகலை நிறுத்தி வைக்கும், தோலைப் பதனிடாது. உப்பு போட்டுக் காஞ்ச தோலை நனைச்சா மறுபடியும் பச்சைத்தோல்தான்.

[11:30] ஊறுகாய்க் கட்டம்

காஞ்ச தோலைத் தண்ணியில ஊறவெச்சு, இளகினதும் அலசணும். அப்புறம் அமிலக் கரைசல். இங்கிலீஷ்ல இதுக்குப் பேரே பிக்கிள்தான். 4 லிட்டர் தண்ணி, 500 கிராம் உப்பு, 90 கிராம் சிட்ரிக் ஆசிட். பி.எச். காகிதத்துல பார்த்தா 2-க்குப் பக்கத்துல இருக்கணும், 2.5-ஐத் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில பண்ணுங்க, இரும்பு, அலுமினியம் வேண்டாம். மூணு நாள், தினமும் ரெண்டு தடவை கிளறிவிடணும்.

அமிலம் கொலாஜன் இழைகளைப் பிரிச்சு, மருந்து போக வழி திறந்து வைக்குது. பாக்டீரியாவுக்கும் அந்த இடம் ஆகாது. அப்போ எதுக்குக் கூடவே உப்பு? உப்பில்லாத அமிலத்துல தோல் தண்ணியை உறிஞ்சிப் பொதபொதன்னு வீங்கிடும். அப்படி வீங்கினா தோல் பாழ். அதனால உப்பைக் கரைச்சதுக்கு அப்புறம்தான் அமிலம், அமிலம் கரைஞ்சதுக்கு அப்புறம்தான் தோல்.

மூணு நாள் கழிச்சு எடுத்தா உள்பக்கம் வெள்ளையா, கொஞ்சம் தடிப்பா இருக்கும். மிச்சமிருந்த சவ்வு இப்போ சுலபமா வரும், வழிச்சிடுங்க. கடைசியா 4 லிட்டர் தண்ணியில 30 கிராம் சமையல் சோடா கலந்து, 20 நிமிஷம் முக்கி, அலசி, பிழியாம தொங்கவிடுங்க.

[13:10] மருந்து எது?

இதுலதான் எல்லாரும் ரொம்ப யோசிப்பாங்க. உண்மையில இதுவரைக்கும் சரியா வந்திருந்தா, இந்தக் கட்டம்தான் சுலபம்.

படிகாரம்: ஆமாங்க, நம்ம சலூன்ல ஷேவ் பண்ணிட்டுத் தேய்ப்பாங்களே, அதேதான். உப்போட சேர்த்துக் கரைச்சுப் பயன்படுத்துவாங்க. 1920-கள்ல அமெரிக்க வேளாண்மைத் துறை விவசாயிகளுக்குப் போட்ட கையேட்டுல சின்ன ஃபர் தோலுக்கு இந்த முறை இருக்கு. தோல் பால் மாதிரி வெள்ளையா வரும். ஆனா நல்லா நனைஞ்சா படிகாரம் கழுவிக்கிட்டுப் போயிடும்.

மரப்பட்டை: பட்டையில இருக்கிற டானின் கொலாஜனோட இறுக்கமாப் பிணையும். வாரக்கணக்குல பொறுமை வேணும், முடியில சாயமும் ஏறும். நம்ம ஊர்ல ஆவாரம்பட்டையில தோல் பதனிட்டது இந்த வழியிலதான்.

மூளை அல்லது முட்டை மஞ்சள் கரு: ரெண்டுலயும் இருக்கிற லெசிதின் எண்ணெயையும் தண்ணியையும் கலக்க வைக்கும். அந்த எண்ணெய் இழைகளுக்கு நடுவுல போகும். வட அமெரிக்கப் பழங்குடிகள் மான் தோலுக்கு மூளையைத் தேய்ச்சுட்டு, அதுக்கு மேல புகை போடுவாங்க. புகையில இருக்கிற ஆல்டிஹைடுகள்தான் தோலை நிரந்தரமாக்குது. வேதியியல் படிக்காமலே கண்டுபிடிச்ச ரெண்டு படி இது.

கடையில விக்கிற பாட்டில் மருந்து: முதல் தோலுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். உள்பக்கம் பூசி, தோலோடு தோல் படுற மாதிரி மடிச்சு, பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் வையுங்க. அளவு அவங்க சொன்னபடியே.

மிச்சமான கரைசலை ஓடையிலயோ மழைநீர்க் கால்வாய்லயோ ஊத்தாதீங்க. ஒரு வாளிதானேன்னு தோணும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஆலைக் கழிவு பாலாத்தை என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும். 1996-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விவகாரம் அது.

[15:30] மசிக்கிறது

மருந்து போட்டாச்சு, காயவெச்சாச்சு, ஏன் அட்டை மாதிரி இருக்குன்னு கேப்பாங்க. கஞ்சி போட்ட வேட்டி விறைக்கிற மாதிரி, காயும்போது இழைகள் மறுபடி ஒட்டப் பார்க்கும். நாமதான் ஒட்ட விடாம அசைச்சுக்கிட்டே இருக்கணும்.

முக்கால்வாசி காஞ்சு, தொட்டா சில்லுன்னு இருக்கும், ஆனா கையில ஈரம் ஒட்டாது. அதுதான் நேரம். நாற்காலி முதுகு விளிம்புல உள்பக்கத்தை வெச்சு முன்னும் பின்னும் இழுங்க. குறுக்கால இழுங்க, நெடுக்கால இழுங்க. இழுத்த இடம் கண்ணெதிர்ல வெள்ளையா, துணி மாதிரி மாறும். அது மாறுறதைப் பார்க்கிறதுல ஒரு போதையே இருக்கு. கொஞ்சம் எண்ணெய் தடவி, ஆற விட்டு, மறுபடி இழுக்கணும். ஒரு பாஸத்துக்கு மொத்தம் ரெண்டு மூணு மணி நேரம். நான் பாட்காஸ்ட் கேட்டுக்கிட்டே பண்ணுவேன், என்னுது இல்லை, அடுத்தவங்களது. எங்கேயாவது விறைப்பா நின்னுட்டா கவலை வேண்டாம், அந்த இடத்தை மட்டும் ஈரப்படுத்தி மறுபடி இழுக்கலாம். ஆரம்பக் கட்டங்கள்ல இல்லாத இரண்டாவது வாய்ப்பு இங்க உண்டு.

[17:00] இது யாரோட கலை?

நாமெல்லாம் யூடியூப்ல கத்துக்கிட்டு வர்றோம். பாஸம் தோலை வெச்சு முதல்ல வாழ்ந்தவங்க தென்கிழக்கு ஆஸ்திரேலியாவோட பழங்குடி மக்கள். பல பத்துத் தோல்களைக் கங்காரு வால் நரம்பால தைச்சு ஒரு பெரிய போர்வை. குழந்தையைச் சுத்துறதுல இருந்து, இறந்தவங்களைப் போர்த்திப் புதைக்கிறது வரைக்கும் அதுதான். உள்பக்கத்துல கோடு கீறி, காவி பூசி, தன் நிலத்தையும் குலத்தையும் வரைஞ்சு வெச்சாங்க. குடியேற்ற அரசாங்கம் கம்பளியைக் கொடுத்து அந்தப் பழக்கத்தையே மறக்கடிச்சுது. பழைய போர்வைகள்ல இன்னிக்கு மிஞ்சியிருக்கிறது ரொம்பக் கொஞ்சம். 1853-லயும் 1872-லயும் செஞ்ச ரெண்டு போர்வை மெல்போர்ன் அருங்காட்சியகத்துல இருக்கு. 1999-ல விக்கி கூசன்ஸ், ட்ரீனா ஹாம் உள்ளிட்ட பழங்குடிக் கலைஞர்கள் அதைப் பார்த்துட்டு, மறுபடி செய்யக் கத்துக்கிட்டாங்க. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவுல பெரியவங்க அந்தப் போர்வைகளைப் போர்த்திக்கிட்டு வந்தாங்க.

அவங்க தோலுக்கு எங்க போனாங்க தெரியுமா? ஆஸ்திரேலியாவோட பெரும்பாலான பகுதிகள்ல பாஸம் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனால நியூசிலாந்துல இருந்து வாங்கினாங்க. அங்க இருந்து திருடிக் கொண்டுவந்த மாதிரி வந்த பிராணியோட தோல், அந்த மண்ணோட மக்கள்கிட்டயே திரும்பிப் போகுது.

நமக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கு. நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் சோலைப் புல்வெளியை விழுங்கிட்டு நிக்குதே வாட்டில் மரம், அதுவும் ஆஸ்திரேலியா மரம்தான். கறுப்பு வாட்டிலைத் தோட்டம் தோட்டமா வளர்த்ததுக்கு முக்கியக் காரணம் தோல் பதனிடுற பட்டை. இங்க தோலுக்காக வந்த பிராணி, அங்க தோல் பதனிட வந்த மரம். ரெண்டும் இப்போ காட்டைத் தின்னுது.

[19:20] கடைசியா

மொத்தத்தையும் சுருக்கினா: அன்னிக்கே உரிங்க. கொழுப்பு இல்லாம சீவுங்க. தோல் எடைக்குச் சமமா உப்பு. மூணு நாள் அமிலம். மருந்து எதுவானாலும் சரி. காயும்போது கையை எடுக்காதீங்க. முதல் நாலு மணி நேரத்துல சோம்பல் பட்டா அடுத்த பத்து நாள் உழைப்பால அதை ஈடுகட்ட முடியாது. முடிச்ச தோலை நாடு விட்டு நாடு கொண்டுபோறதா இருந்தா, சுங்கத்துல அறிவிச்சு, அந்த நாட்டு விதியை முதல்லயே பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு தோலை முழுசா முடிக்க ரெண்டு வாரம் அந்தப் பிராணியோட இருக்கீங்க. அதுக்கு அப்புறம் "பூச்சி, புழு மாதிரி ஒழிக்க வேண்டிய சனியன்"னு அதைப் பேச வாய் வராது. பொறி வைக்கிறதை நான் நிறுத்தலை. ஆனா பொறியைச் சரியா வைக்கிறேனா, விடிஞ்சதும் போய்ப் பார்க்கிறேனா, வலியில்லாம முடியுதான்னு முன்னைவிட ஜாஸ்தியா கவனிக்கிறேன்.

கேள்வி இருந்தா வழக்கம்போல அனுப்புங்க. அடுத்த வாரம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிடுவோம். அதுவரைக்கும் பத்திரமா இருங்க மக்களே.